சமூக நீதியை மையமாகக் கொண்ட பொது நிர்வாக முதுமாணி: கொழும்பில் படிக்க நினைப்போருக்கு

பொது நிர்வாகத்தில் முதுமாணிப் பட்டம் என்றதும் கொழும்பில் பலருக்கும் முதலில் தோன்றுவது பதவி உயர்வுதான். நிர்வாக சேவை உத்தியோகத்தர், அமைச்சொன்றின் உதவிப் பணிப்பாளர், அரச சார்பற்ற நிறுவனத்தின் திட்ட இணைப்பாளர் என வார இறுதி வகுப்புகளுக்கு வருவோரில் பெரும்பாலானோர் அந்த எண்ணத்துடனேயே வருகிறார்கள். அதில் தவறேதும் இல்லை. ஆனால் அதே படிப்பைச் சமூக நீதியின் பக்கமிருந்து படிக்கும்போது கேள்விகள் மாறுகின்றன. ஓர் அலுவலகம் எவ்வளவு வேகமாக, எவ்வளவு சிக்கனமாக இயங்குகிறது என்று பார்ப்பதோடு வேலை முடிவதில்லை. அதன் சேவை யாரிடம் போய்ச் சேரவில்லை, எந்த விதியின் எந்த வரியால் சேராமல் போனது, அந்த வரியை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். சட்டமும் கணக்கும் கோட்பாடும் கள ஆய்வும் இந்தக் கண்டுபிடிப்புக்கு வேண்டிய கருவிகளாகவே இங்கே கற்பிக்கப்படுகின்றன.

எண்ணக்கரு வந்த வழி

பாடநூல்கள் வழக்கமாக 1887 இல், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான வுட்ரோ வில்சன் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கும். முடிவெடுப்பது அரசியல், அதைச் செயற்படுத்துவது நிர்வாகம், இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும் என்றார் அவர். அதன் பிறகு ஜேர்மன் சமூகவியலாளர் மக்ஸ் வெபர் வருவார்: எழுதி வைத்த விதி, பதவிப் படிநிலை, கோப்பு, ஆள் பார்க்காத நடுநிலை. நமது கச்சேரி மரபும், சிவில் சேவைக்குப் பதிலாக 1963 மே 1 அன்று உருவான நிர்வாக சேவையும் இந்த அச்சில் வார்க்கப்பட்டவைதான். ஆள் பார்க்காத விதியை இலேசாக எடை போடக் கூடாது. சிபாரிசுக்கு ஆள் இல்லாதவருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

1968 இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் மின்னோபுரூக் என்ற இடத்தில், ட்வைட் வால்டோ என்ற பேராசிரியரின் முயற்சியால் இளம் ஆய்வாளர்கள் கூடினார்கள். வியட்நாம் போரும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் நாட்டை உலுக்கிய ஆண்டு அது. சமூகம் ஏற்கெனவே சமமற்றதாக இருக்கும்போது நிர்வாகம் நடுநிலையாக இருந்தால், இருக்கும் ஏற்றத்தாழ்வை அது அப்படியே காவிக்கொண்டு போகாதா என்பது அவர்களின் கேள்வி. அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோர்ஜ் ஃபிரெடெரிக்சன், சிக்கனம், வினைத்திறன் என்ற இரண்டோடு சமூக ஒப்புரவையும், அதாவது சேவையின் பயன் எல்லோரையும் நியாயமாகச் சென்றடைவதையும், மூன்றாவது தூணாக நிறுத்தினார். 1980களில் வந்த ‘புதிய பொது முகாமைத்துவம்’ மீண்டும் செலவையும் வேகத்தையும் முன்னுக்குக் கொண்டுவந்தது. இன்றைய பாடத்திட்டங்களில் இந்த இரண்டு போக்குகளும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும். படிக்கும்போது எந்தப் பாடம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று கவனித்து வாருங்கள்.

மெய்யியல் பகுதியில் ஜோன் ரோல்ஸ், அமர்த்தியா சென், நான்சி ஃபிரேசர் ஆகிய மூவரையும் சந்திப்பீர்கள். இலங்கைக்கு ஃபிரேசர் மிகவும் பயன்படுவார். வளம் எப்படிப் பங்கிடப்படுகிறது, யாருடைய அடையாளம் மதிக்கப்படுகிறது, முடிவெடுக்கும் மேசையில் யார் அமர்கிறார்கள் என்று நீதியை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார் அவர். மலையகப் பெருந்தோட்ட மக்களின் நிலையை ஒரே கோணத்தில் மட்டும் விளக்க முடியாது. கூலி ஒரு பிரச்சினை, முகவரி இன்னொரு பிரச்சினை, பிரதேச சபையில் குரல் மூன்றாவது பிரச்சினை.

நான்கு அளவுகோல்கள்

ஒப்புரவை எப்படி அளப்பது? அமெரிக்கத் தேசிய பொது நிர்வாகக் கல்விக்கழகத்தின் வழி வந்த நான்கு அளவுகோல்கள் பரவலாகப் பயன்படுகின்றன. முதலாவது நடைமுறை: ஒருவரை மறுக்கும்போது காரணம் சொல்லப்பட்டதா, மேன்முறையீடு செய்ய வழி இருந்ததா? இரண்டாவது அணுகல்: தகுதி உள்ளவரால் சேவையை எட்ட முடிகிறதா? மூன்றாவது தரம்: எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் கிடைக்கிறதா? நான்காவது விளைவு: கடைசியில் வாழ்க்கையில் ஏற்படும் மாற்றம் குழுவுக்குக் குழு வேறுபடுகிறதா?

மாநகரக் குப்பை லொறியை எடுத்துக்கொள்ளுங்கள். கறுவாத்தோட்டத்துக்கும் மட்டக்குளிக்கும் கிழமைக்கு அதே எண்ணிக்கையான நடை என்றால் கடதாசியில் இரண்டும் சமம். ஆனால் மட்டக்குளியின் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் லொறி திரும்ப முடியாது என்றால், அங்குள்ளவர் பையைத் தூக்கிக்கொண்டு பிரதான வீதிக்கு நடக்க வேண்டும். அந்த நேரம் வேலைக்குப் போகும் நேரமாக இருந்துவிட்டால் பை ஒழுங்கை முனையிலேயே கிடக்கும், மழைக்குக் கானுக்குள் போகும். அணுகல், தரம், விளைவு என மூன்றிலும் வேறுபாடு வந்துவிடுகிறது. நடைகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டும் முன்னேற்ற அறிக்கையில் இதில் எதுவும் தெரியாது.

நலன்புரித் தெரிவு: ஒரு நெருங்கிய பார்வை

இந்தப் படிப்பின் சாரம் முழுவதையும் காட்டக்கூடிய உதாரணம், அரசின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசும. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 இல் அது தொடங்கியபோது, குடும்பங்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டன. அப்போதைய மாதக் கொடுப்பனவு 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்பக் கட்டமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துத் தெரிவு நடந்தது. அதற்கு முன்பிருந்த சமுர்த்தித் திட்டத்தின் பட்டியலில் அரசியல் செல்வாக்கு புகுந்தது என்பது நெடுநாள் முறைப்பாடு. எனவே புள்ளி போட்டுத் தெரிவு செய்வது முன்னேற்றம்தான்.

ஒரு குடும்பத்தின் உண்மையான வருமானத்தை அரசால் நேரடியாகப் பார்க்க முடியாது. நாட்கூலிக்குச் சம்பளச் சீட்டு இல்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை வைத்து மதிப்பிட வேண்டியிருக்கிறது. அப்போது இரண்டு வகைப் பிழை வரும். தகுதி இல்லாதவர் உள்ளே வருவது சேர்ப்புப் பிழை. தகுதி உள்ளவர் வெளியே நிற்பது விலக்கல் பிழை. ஒன்றைக் குறைக்க விதியை இறுக்கினால் மற்றது கூடும். நிதி அமைச்சின் கண் இயல்பாகவே சேர்ப்புப் பிழையில் இருக்கும், ஏனென்றால் அது செலவாகப் பதியப்படுகிறது. விலக்கல் பிழைக்குக் கணக்கேட்டில் எந்த நிரலும் கிடையாது. அதற்கொரு நிரலைத் திறக்க வைப்பதுதான் இந்தத் துறையில் படித்தவரின் முதல் வேலை என்று சொல்லலாம்.

மின்சாரப் பாவனையை ஒரு குறிகாட்டியாக வைத்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். கூடுதல் அலகு பாவிப்பவர் கூடுதல் வசதி உள்ளவர் என்பது தர்க்கம். தனி வீட்டுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். வட கொழும்பில் ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான நகரக் குடியிருப்பில் ஒரே இலக்கத்தின் கீழ் மூன்று குடும்பங்கள் இருக்கலாம். மீற்றர் ஒன்று, பட்டியல் முன்னறையில் இருப்பவரின் பெயரில் வருகிறது. மாதம் 120 அலகு என்று வைத்துக்கொண்டால் ஒரு குடும்பத்துக்கு 40 அலகுதான் சேரும். ஆனால் பட்டியலில் பெயர் உள்ள குடும்பத்துக்கு 120 அலகும் ஏறும், பின்னறையில் உள்ளவர்களிடம் காட்டுவதற்குப் பட்டியலே இருக்காது. யாரும் ஏமாற்றவில்லை, எந்த உத்தியோகத்தரும் பாகுபாடு காட்டவில்லை. குறிகாட்டியை வடிவமைத்தவரின் மனதில் ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் என்ற படம் இருந்தது, அவ்வளவுதான். திருத்தமும் சிறியதே: படிவத்தில் ‘இந்த மீற்றரை எத்தனை குடும்பங்கள் பாவிக்கின்றன’ என்ற ஒரு வரியைச் சேர்த்து, அலகை அந்த எண்ணால் வகுக்க வேண்டும். இப்படி ஒரு வரியைத் தேடிப் பிடிக்கும் பயிற்சி இல்லாமல் ஏழ்மை பற்றி எவ்வளவு பேசினாலும் பிரதேச செயலகத்தில் ஒன்றும் மாறாது.

அடுத்தது, நிர்வாகச் சுமை. பமீலா ஹேர்ட், டொனால்ட் மொய்னிஹன் ஆகிய ஆய்வாளர்கள் இதை மூன்று செலவுகளாகப் பிரித்தார்கள்: திட்டம் பற்றி அறிந்துகொள்ளும் செலவு, கேட்கும் ஆவணங்களைத் திரட்டும் செலவு, கூச்சமும் அவமதிப்பும் தரும் உளச் செலவு. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளி ஒருவரின் நாட்கூலி 2,500 ரூபாய் என்று கொள்வோம். படிவம் எடுக்க ஒரு நாள், கிராம உத்தியோகத்தரின் கையொப்பத்துக்கு ஒரு நாள், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்கு ஒரு நாள், குறைபாட்டைத் திருத்த இன்னொரு நாள் என்று நான்கு நாள் போனால் 10,000 ரூபாய் போய்விட்டது. 5,000 ரூபாய்க் கொடுப்பனவில் இரண்டு மாதப் பணம் அது. அதுவும் கிடைக்குமா என்று தெரியாத நிலையில். அவர் விண்ணப்பிக்காமல் விட்டால் ‘ஆர்வம் காட்டவில்லை’ என்று கோப்பில் எழுதுவார்கள். பகுப்பாய்வாளர் கேட்க வேண்டியது: இந்த நான்கு நாட்களில் எந்த ஆவணம் அரசின் இன்னொரு திணைக்களத்தில் ஏற்கெனவே இருக்கிறது? பதிவாளர் நாயகத்தின் ஏட்டில் உள்ள பிறப்பு விவரத்தைப் பிரஜையே ஏன் காவிக்கொண்டு வர வேண்டும்?

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

அமெரிக்க அரசியல் ஆய்வாளர் மைக்கல் லிப்ஸ்கி 1980 இல் முன்வைத்த ஒரு கருத்து கொள்கை பற்றிய பார்வையையே மாற்றியது. சட்டம் என்ன சொன்னாலும், மக்களுக்குக் கிடைக்கும் கொள்கை என்பது கவுண்டரில் இருக்கும் உத்தியோகத்தர் எடுக்கும் முடிவுகளின் கூட்டுத்தொகைதான் என்றார் அவர். கிராம உத்தியோகத்தர், குடும்பநல உத்தியோகத்தர், பொலிஸ் முறைப்பாட்டு மேசையில் இருப்பவர், பாடசாலை அனுமதிக் குழு உறுப்பினர் எல்லோரும் இதில் அடங்குவார்கள். இவர்களிடம் தற்றுணிபு, அதாவது தாமாகவே முடிவெடுக்கும் இடம், இருக்கிறது, நேரமும் ஆட்பலமும் போதாது. வரிசையைச் சமாளிக்க அவர்கள் குறுக்கு வழிகளை உண்டாக்கிக்கொள்வார்கள்: ‘இன்றைக்கு 40 பேர் மட்டும்’, ‘சிங்களத்தில் நிரப்பிக் கொண்டுவாருங்கள்’, ‘தெரிந்தவர் யாராவது உறுதிப்படுத்தட்டும்’.

இதை உத்தியோகத்தரின் கெட்ட குணமாக எழுதிவிடுவது மாணவர்களின் முதல் ஒப்படைகளில் அடிக்கடி வரும் பலவீனம். அதே நாற்காலியில் வேறு யாரை அமர்த்தினாலும் அதே நெருக்கடி அதே குறுக்கு வழியைப் பிறப்பிக்கும் என்றால், பரிகாரம் ஆளை மாற்றுவதில் இல்லை. ஒரு நாளில் எத்தனை பேர் வருகிறார்கள், ஒருவருக்கு எத்தனை நிமிடம், எத்தனை பேர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் மீண்டும் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகே ஆள் பற்றிப் பேச வேண்டும்.

சட்டம் தரும் பிடிமானம்

சமூக நீதி என்ற சொல் நிர்வாகத்துக்குள் நிற்க வேண்டுமானால் காலூன்ற ஒரு சட்டப் பிரிவு தேவை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தைத் தருகிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகிய காரணங்களுக்காகப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள். இந்த ஒரு மாதம்தான் பலரையும் கைவிடுகிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கொழும்பில் தமிழ் பேசுவோர் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய விடயம் இது.

மொழி விடயத்தில் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 16ஆம் திருத்தம் நிர்வாக மொழியை விரிவாக வகுத்தது. அதன்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் ஒருவர் அரச உத்தியோகத்தருடன் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொண்டு பதில் பெற உரித்துடையவர். கொழும்புக்கு இது நேரடியாகப் பொருந்தும். 2007 இல் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 7/2007 புதிதாகச் சேரும் அரச உத்தியோகத்தர் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது, கடமை சுற்றறிக்கையில் இருக்கிறது. அப்படியிருந்தும் தமிழில் கொடுத்த கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வருகிறது என்றால், நடுவில் எது அறுந்தது? அனுமதிக்கப்பட்ட ஆளணியில் மொழிபெயர்ப்பாளர் பதவி இருக்கிறதா, இருந்தால் நிரப்பப்பட்டதா, படிவத்தின் தமிழ்ப் பிரதி அச்சிட வாக்குப்பணம் ஒதுக்கப்பட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவதே நிர்வாகப் பகுப்பாய்வு. ‘தமிழர் புறக்கணிக்கப்படுகின்றனர்’ என்ற வாக்கியம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தச் செயலாளரும் எதையும் திருத்த முடியாது.

சட்டத்தின் வரியே ஒரு சமூகத்தை வெளியே நிறுத்தியதற்குப் பிரதேச சபைகள் சட்டம் பாடநூலில் வைக்கத்தக்க உதாரணம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைப் பெருந்தோட்டங்களில் செலவிடத் தடையாகவே வாசிக்கப்பட்டு வந்தது. தோட்டத்தில் வாழ்பவர் வாக்களித்தார், உறுப்பினரைத் தெரிந்தார். அந்த உறுப்பினரால் அவருடைய லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு கூடை கல் போட முடியவில்லை. 2018 இல்தான் திருத்தம் வந்தது. ஒரு பிரிவின் சொற்கள் ஒரு தலைமுறையின் பாதையை அடைத்து வைத்திருந்தன.

பாடங்கள்

பெரும்பாலான பொது நிர்வாக முதுமாணிகளில் கொள்கைப் பகுப்பாய்வு, அரச நிதி, மனிதவள முகாமைத்துவம், நிர்வாகச் சட்டம், ஆய்வு முறைகள், ஒழுக்கவியல் ஆகியவை இருக்கும். ‘சமூக நீதி’ என்று ஒரு தனிப் பாடத்தை மட்டும் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கும் பாடத்திட்டத்தைவிட, அரச நிதிப் பாடத்துக்குள்ளேயே ‘இந்தப் பணம் யாருக்குப் போகிறது’ என்ற கேள்வி இருக்கும் பாடத்திட்டம் மேலானது என்பது எங்கள் உறுதியான கருத்து.

புள்ளிவிவரத்துக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் தப்பிக்கவும் முடியாது. 2019 குடும்ப வருமான செலவுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்கு 14.3 பேர் வறியவர்கள். கொழும்பு மாவட்டத்தில் 2.3, பெருந்தோட்டத் துறையில் 33.8. கொழும்பில் வறுமை இல்லை என்று 2.3 ஐ வைத்து ஒருவர் வாதாடலாம். அந்தச் சராசரிக்குள் கொள்ளுப்பிட்டியும் இருக்கிறது, முகத்துவாரமும் இருக்கிறது. மாவட்டச் சராசரியைப் பிரதேச செயலகப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு என்று உடைத்துப் பார்க்கவும், உடைக்கும்போது மாதிரியின் அளவு சுருங்கிப் பிழை வீச்சு பெருகும் என்பதைப் புரிந்துகொள்ளவும் தெரிந்தால் போதும். சிக்கலான சமன்பாடுகள் பிறகு வரட்டும்.

எங்கே, எவ்வளவு காலம்

கொழும்பு 7, மலலசேகர மாவத்தையில் உள்ள இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகம் அரச உத்தியோகத்தருக்கான பயிற்சிக்கும் பொது முகாமைத்துவ முதுமாணிக்கும் பெயர் பெற்றது. பொரளைப் பக்கம் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் முகாமைத்துவ நிறுவகம் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் கற்கைகள் பீடமும் மனித உரிமைகள் கற்கை நிலையமும் உள்ளன. முதல் இரண்டிலும் நிர்வாகம் ஆழமாகக் கிடைக்கும், நீதியின் கோணத்தை ஒப்படைகளிலும் ஆய்விலும் நீங்களே கொண்டுவர வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சமூக விஞ்ஞானப் பக்கத்தில் அதற்கு நேர்மாறு. உங்களிடம் எது குறைவோ அதைத் தரும் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். பயிற்று மொழி பெரும்பாலும் ஆங்கிலம். அனுமதிக்கு முதல் பட்டம், வேலை அனுபவம், எழுத்துத் தேர்வு அல்லது நேர்முகம் என்று கேட்பது வழக்கம். தகைமைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்த ஆண்டின் அறிவித்தலை மட்டுமே நம்புங்கள்.

விண்ணப்பிக்கும் முன் அந்தப் பட்டம், பட்டங்களை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் எந்த மட்டம் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 9ஆம் மட்டம் என்றால் பாடநெறி வழி முதுமாணி, குறைந்தது 30 கிரெடிட். 10ஆம் மட்டம் என்றால் ஆய்வும் சேர்ந்த முதுமாணி, 60 கிரெடிட், அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு. பிறகு கலாநிதிப் பட்டம் வரை போக நினைப்பவருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. இரண்டு ஆண்டு படித்து முடித்த பிறகு இதை அறிபவர்கள் இருக்கிறார்கள்.

காலக் கணக்கையும் நேர்மையாகப் போடுங்கள். சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். 30 கிரெடிட் 1,500 மணித்தியாலம். கிரெடிட்டுக்கு 15 மணித்தியாலம் விரிவுரை என்றால் வகுப்பறையில் 450 மணித்தியாலம், அதாவது சனிக்கிழமைக்கு ஆறு மணித்தியாலம் வீதம் 75 சனிக்கிழமைகள். மீதி 1,050 மணித்தியாலத்தை வீட்டில் படிக்க வேண்டும். ஒன்றரை ஆண்டில் கிழமைக்கு 13 மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது. சனிக்கிழமையை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சேருபவர் மூன்றாவது பாடத்தோடு திணறத் தொடங்குவது இதனால்தான். வேலையும் பிள்ளைகளும் உள்ள பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. குடும்பத்தோடு முன்கூட்டியே பேசி, கிழமை நாட்களில் இரண்டு மாலைகளை வீட்டு வேலையிலிருந்து விடுவித்துக்கொள்வது கட்டணம் கட்டுவதைப் போலவே அவசியமான ஏற்பாடு.

ஆய்வேடு

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. ‘இலங்கையின் பொது நிர்வாகத்தில் சமூக நீதி’ என்று தலைப்பு வைத்தால் முடிக்கவே முடியாது. ‘கொழும்புப் பிரதேச செயலகத்தில் ஓராண்டில் நிராகரிக்கப்பட்ட நலன்புரி மேன்முறையீடுகளில் எத்தனைக்குக் காரணம் எழுத்தில், விண்ணப்பதாரரின் மொழியில் தரப்பட்டது’ என்று வைத்தால் முடியும். ஓர் அலுவலகம், ஒரு சேவை, ஒரு காலப்பகுதி, எண்ணக்கூடிய ஒரு விடயம்.

தரவுக்குத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பிரஜை எவருக்கும் அந்த உரிமையைத் தருகிறது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தருவதாக முடிவானால் மேலும் 14 நாட்களுக்குள் தர வேண்டும். தகவல் பெருந்தொகையாக இருந்தால் 21 நாள் வரை நீடிக்கலாம். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அவருக்கு மூன்று கிழமை. அதன் பின் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம். ஆகவே விண்ணப்பத்தை ஆய்வின் கடைசி மாதத்தில் போடுவதில் பயனில்லை, முன்மொழிவு ஏற்கப்பட்ட கிழமையிலேயே போடுங்கள். கேள்வி ‘ஏன்’ என்று தொடங்கினால் தகவல் இல்லை என்ற பதில்தான் வரும். கையில் உள்ள ஆவணத்தைத்தான் அவர்கள் தரலாம். ‘இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை கிடைத்த மேன்முறையீடுகளின் எண்ணிக்கை, நிராகரித்தவை, நிராகரிப்புக் கடிதத்தின் மாதிரிப் பிரதி’ என்று கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கவுண்டரை விட்டு நகர வேண்டாம்.

கள ஆய்வில் மூன்று பொறிகள் உண்டு. பிரதேச செயலக வரிசையில் நிற்பவர்களை மட்டும் நேர்கண்டால், மனம் தளர்ந்து வராமல் விட்டவர்கள் உங்கள் மாதிரியில் இருக்கவே மாட்டார்கள். நீங்கள் தேடுவது அவர்களைத்தான். குடியிருப்பின் ஒரு முனையில் தொடங்கி ஐந்தாவது கதவு, பத்தாவது கதவு என்று போவதே வழி. அடுத்தது, உதவிக்கு என்று கிராம உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு போவது. பட்டியலில் பெயர் போடுபவர் பக்கத்தில் நிற்கும்போது யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அனுமதியை அவரிடம் முன்பே பெற்றுக்கொண்டு, வீடுகளுக்குத் தனியாகப் போங்கள். இன்னொன்று ஒப்புதல். நலன்புரி பெறும் குடும்பத்துக்கு நீங்கள் அரசாங்க ஆளாகவே தோன்றுவீர்கள். பதில் சொன்னால் பணம் கூடும், சொல்லாவிட்டால் வெட்டுப்படும் என்று நினைப்பார்கள். இரண்டுமே இல்லை என்பதைத் தாளில் எழுதிக் கொடுப்பதோடு நிறுத்தாமல் வாயாலும் சொல்ல வேண்டும். பெயரையும் வீட்டிலக்கத்தையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதக் கூடாது.

நேர்காணல் தமிழிலும் ஆய்வேடு ஆங்கிலத்திலும் இருக்கும்போது, மூல வாசகத்தைத் தமிழிலேயே எழுதி வைத்துக்கொண்டு பகுப்பாய்வையும் தமிழிலேயே செய்யுங்கள். மேற்கோளாக எடுக்கும் வரிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும். ‘அலைஞ்சு அலைஞ்சு கால் தேஞ்சதுதான் மிச்சம்’ என்று ஒரு தாய் சொன்னதை முதல் நாளே ஆங்கிலத்தில் ‘சிரமம்’ என்று சுருக்கிவிட்டால், எத்தனை முறை, எந்த அலுவலகத்துக்கு என்று மறுபடி கேட்க வேண்டிய இடம் மறைந்துபோகும்.

பரீட்சகர் கையொப்பமிட்ட பிறகு ஆய்வேட்டை நூலகத்தில் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். இரண்டு பக்கக் குறிப்பாகச் சுருக்கி, சிங்களத்திலும் தமிழிலும், எந்தப் படிவத்தின் எந்த வரியை எப்படி மாற்றலாம், அதற்குச் சுற்றறிக்கை போதுமா, வர்த்தமானி அறிவித்தல் வேண்டுமா, செலவு எவ்வளவு என்று குறிப்பிட்டு, ஆய்வுக்கு இடம் தந்த பிரதேச செயலாளரிடமும் உரிய அமைச்சின் செயலாளரிடமும் கையளியுங்கள். நேர்கண்ட குடியிருப்பின் சனசமூக நிலையத்திலும் தமிழ்ப் பிரதி ஒன்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.